ஊறிக் காய்ந்த விதை

ஒண்ணாம் தேதி சம்பளம் மூணாம் தேதி வந்தாலே நமக்கு மூச்சு முட்டுகிறது. மேலநீலிதநல்லூர் மாமாவுக்கு மழைதான் சம்பளம். அது இப்போதெல்லாம் தேதி பார்த்து வருவதில்லை. வந்தாலோ கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பரில் கிழக்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! தூத்துக்குடி மாவட்டத்தில் வழக்கமாக ஒரு வருஷம் முழுக்கவே அவ்வளவு பெய்யாது, சார்.

"எதை நம்பி மாமா விதைக்கீங்க?"

"மழைக்கு முந்தியே புழுதியில போட்டுருவோம் மாப்ளே."

முளைக்கிற அளவு தூறிவிட்டு, வானம் பத்து நாள் ஏமாற்றினால்? விதை காலி. போன வருஷம் அப்படித்தான். இரண்டாவது விதைப்புக்கு அத்தையின் வளையல் அடகுக்குப் போனது.

இதற்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வழி, விதையைக் கடினப்படுத்துவது. ஒரு கிலோ சோள விதைக்கு 350 மில்லி தண்ணீர். அதில் 2 சதவீதம், அதாவது 7 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு தடவை குடித்துக் காய்ந்த விதை சீக்கிரம் முளைக்கும். வறட்சியையும் கொஞ்சம் தாங்கும். செலவு? உப்பு விலைதான்.

இந்த வருஷம் மாமா வீட்டுத் திண்ணையில் விதை உலர்கிறது. புரட்டிவிடும் அத்தையின் கையில் இன்னும் வளையல் இல்லை.