திருமுக்கூடல் யாத்திரை

ஆறு இரண்டாகப் பிரிந்து சூழ, இடையே நிற்கும் நிலத்தை ஆற்றிடைக்குறை என்பர். அரங்கம் என்றும் அதற்குப் பெயருண்டு. காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத்தை மாணவ நேயர்கள் அறிவீர்கள். நான் இன்று சொல்லப் புகுவது அதற்கு மாறானதோர் இடம். அங்கே ஆறு பிரிவதில்லை. பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் வந்து கூடுகின்றன.

வாலாஜாபாத்திலிருந்து செங்கற்பட்டு ரயிலில் ஏறினால் சிறிது நேரத்தில் பழையசீவரம் வந்துவிடும். எதிர்க்கரையில் திருமுக்கூடல். நோயினின்று தேறிய என் தாயார், அங்கு எழுந்தருளியிருக்கும் அப்பன் வேங்கடேசப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு வரும் தைத் திருநாளில் கூட்டம் மிகுதி என்று வேறொரு நாள் புறப்பட்டோம். பாலத்தின்மேல் நின்று, "மூன்று ஆறும் எங்கே அப்பா?" என்றார் தாயார். எனக்கும் பிரித்துக் காட்டத் தெரியவில்லை.

தரிசனம் முடிந்து, களைப்பால் அவர் சுவரோரம் அமர்ந்தார். அச்சுவர்களில்தான் வீரராசேந்திர சோழனது 1068-ஆம் ஆண்டையொட்டிய நீண்ட கல்வெட்டு இருக்கிறது. அச்சிட்ட படியொன்றை உடன் கொண்டுபோயிருந்தேன், படித்துக் காட்டினேன்.

இக்கோயிலின் சனநாத மண்டபத்தில் ஒரு கல்விச்சாலை நடந்தது. வேதமும் இலக்கணமும் பயின்ற மாணவர்க்கு உணவு, உறையுள், சனிக்கிழமை முழுக்குக்கு எண்ணெய்கூட உண்டு. (விடுதி மாணவர்கள் பொறாமைப்பட வேண்டாம்!) அதனோடு வீரசோழன் என்ற பெயரால் ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, பதினைந்து படுக்கைகளுடன் இயங்கியது. மாணவரும் கோயிற் பணியாளரும் நோயுற்றால் அங்கே கிடந்து சிகிச்சை பெற்றனர். நோயாளி ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. வாசாஹரீதகி, தசமூலஹரீதகி முதலாக, சேமித்து வைத்த மருந்துகளின் பெயர்களும் கல்லில் உள்ளன. அரசனின் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டுகள் நாட்டில் ஏராளம். மருந்துப் பட்டியல் வெட்டிய கல் எத்தனை இருக்கும்?

மருத்துவர் கோதண்டராம அசுவத்தாம பட்டருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவனுக்கு 30 கலம். நோயாளிகளுக்குப் பணி செய்யும் பெண்கள் இருவருக்கு 30 கலமும் ஒரு காசும்.

இங்கே தாயார் என்னை நிறுத்தினார். மூன்று வாரம் படுக்கையில் கிடந்தவர் அவர்.

"இருவருக்கும் சேர்த்தா?"

"ஆம்" என்றேன்.

அவர் திரும்பி, அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மீண்டுமொரு முறை பெருமாளைச் சேவிக்க உள்ளே போனார்.