வால்வைத் திருகினால் என்ன நடக்கிறது?



விருதுநகருக்கு ஆனைக்குட்டத்திலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும், சிவகாசிக்கு வெம்பக்கோட்டையிலிருந்தும் மானூரிலிருந்தும் குழாய் வழியாகக் குடிநீர் வருகிறது. மழை குறைந்த நம் மாவட்டத்தில் தண்ணீர் திறந்து விடும் நாள் என்றால் தெருவே விழித்திருக்கும். எங்கள் தெரு பைப்லைனின் கடைசியில் இருக்கிறது. "அண்ணே, தண்ணி நூல் மாதிரி வருது, வால்வை இன்னும் ரெண்டு சுத்து திறந்து விடுங்க" என்று கேட்காத முறையில்லை. அந்த ரெண்டு சுற்றில் குழாய்க்குள் நடப்பது என்ன?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வால்வு அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அழுத்தம் தருவது மேல்நிலைத் தொட்டியின் உயரம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் தரும். 12 மீட்டர் என்றால் 1.2 கிலோ. எல்லா வீட்டுக் குழாயும் மூடியிருந்தால், வால்வு பாதி திறந்திருந்தாலும் முழுதும் திறந்திருந்தாலும் இந்த 1.2 கிலோ மாறாது. தண்ணீர் ஓட ஆரம்பித்தால்தான் வித்தியாசம் தெரியும். குறுகிய வழியில் நுழைந்து சுழித்து வெளியேறும்போது தண்ணீர் தன் ஆற்றலில் ஒரு பங்கை இழக்கிறது. எனவே வால்வுக்கு முன்னால் அழுத்தம் கூடுகிறது, பின்னால் குறைகிறது, ஓட்டமும் குறைகிறது.

"டியூப் வாயை விரலால் அடைத்தால் தண்ணி தூரமாப் பாயுதே?" என்று கேட்பீர்கள். தூரம்தான் அதிகம், அளவு குறைவு. குடம் நிறைய நேரம் கூடத்தான் ஆகும்.

வால்வின் வகையும் முக்கியம். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர், முழுதும் திறந்த கேட் வால்வில் சுமார் 4 சென்டிமீட்டர் உயர அழுத்தத்தையே இழக்கும். குளோப் வால்வில் வழி வளைந்து போவதால் இழப்பு சுமார் 2 மீட்டர்! ஆனால் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஏற்றது குளோப் வால்வுதான். கேட் வால்வைப் பாதியில் நிறுத்தியே வைத்தால் அதன் தகடு அதிர்ந்து தேய்ந்துவிடும்.

இனி கடைசித் தெருவுக்கு வருவோம். குழாயின் உராய்வில் ஏற்படும் இழப்பு, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். ஓட்டம் பாதியானால் இழப்பு கிட்டத்தட்ட கால் பங்காகிவிடும். தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள தெருக்களின் வால்வைக் கொஞ்சம் குறைத்தால் மெயின் லைனில் ஓட்டம் குறையும், இழப்பு குறையும், மிச்சமாகும் அழுத்தம் கடைசித் தெருவுக்குப் போய்ச் சேரும். ஆக, எங்கள் தெரு வால்வை எத்தனை சுற்று திறந்தாலும் போதாது. முதல் தெரு வால்வையும் பார்க்க வேண்டும்.

மூடுவதிலும் நிதானம் தேவை. ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்த அலை கிளம்பும். இதற்கு 'வாட்டர் ஹேமர்' என்று பெயர். மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து 1898ல் இதன் கணக்கைச் சொன்னவர் ஜுக்கோவ்ஸ்கி. இரும்புக் குழாயில் அலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,200 மீட்டர். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தினால் சுமார் 12 கிலோ அழுத்தம் கூடுதலாக ஏறும். தொட்டி தந்ததோ 1.2 கிலோதான்! பழைய ஜாயின்ட் எப்படித் தாங்கும்? பட்டாசு ஆலைகள் நிறைந்த நம் வட்டாரத்தில் தீயணைப்பு ஹோஸின் முனையையும் மெதுவாக மூடச் சொல்வது இதனால்தான்.

நாளை நம்மில் சிலர் குடிநீர்ப் பணிக்குப் போகலாம். அப்போது வால்வை மெதுவாகத் திருகுவோம். லைனின் கடைசி வீட்டையும் நினைத்துத் திருகுவோம்!