பாயிரம் இழந்த பனுவல்கள்

பிறர் சொல்லையும் பொருளையும் எடுத்தாளுதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் வழிநூலை ஏற்று, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பகுக்கிறது. சாத்தனார் மணிமேகலையில் குறள் ஒன்றை அமைத்தபோது அதனைப் பொய்யில் புலவனின் உரை எனச் சுட்டினார். கம்பரும் வடமொழியில் இக்கதை செய்தோருள் முதல்வரைப் பின்பற்றுவதாகப் பாயிரத்திலேயே கூறுகிறார்.

எனவே, மரபில் ஆக்கியோன் என்னும் கருத்தே இல்லை, யாவும் பொதுச்சொத்து என்று இன்று சிலர் கூறுவது பொருந்தாது. நன்னூல் சிறப்புப்பாயிரத்திற்கு வகுத்த எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயர் முதலிலும் வழி அதனையடுத்தும் நிற்கின்றன. நூற்பெயர்கூடப் பின்னரே வருகிறது. இயற்பெயர் அறியப்படாத குறுந்தொகைப் புலவர் ஒருவர்க்கு அவர்தம் பாட்டின் தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று பெயரிட்டனர். பெயரின்றி விட அவர்கட்கு மனம் வரவில்லை போலும்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை மின்பதிப்புகளாக்கியது. அதன் கோப்புகளின் முகப்பில், தட்டச்சிட்டோர்க்கும் மெய்ப்புப் பார்த்தோர்க்கும் நன்றி கூறப்பட்டிருக்கும். அம்முகப்பைச் சிதைக்காமல் எவரும் கோப்பைப் பரப்பலாம் என்பது நிபந்தனை. இதனைப் புதுக்காலச் சிறப்புப்பாயிரம் எனலாம். ஆயின் கணினியில் ஒரு பாடலை மட்டும் வெட்டி ஒட்டும்போது முதலில் உதிர்வது இம்முகப்பே. அப்பாடல் எவ்விடத்திலிருந்து வந்தது என்னும் செய்தியும் உடன் மறைகிறது. ஆய்வேட்டில் காணும் பாட வேறுபாடு தட்டச்சுப் பிழையா, வேறொரு பதிப்பின் பாடமா எனத் துணிய இயலாமற் போவது இதனாலேயே.

பதிப்புரிமைச் சட்டம் இவ்விடத்தில் உதவுவதில்லை. ஆசிரியர் மறைவுக்குப்பின் மலேசியாவில் 50, இந்தியாவில் 60, சிங்கப்பூரில் 70 ஆண்டுகள் எனப் பொதுவாக அது உடைமைக்கு எல்லை கட்டுகிறது. வழி கூறும் கடப்பாடோ உடைமையைச் சார்ந்ததன்று.

2022 இறுதியில் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. எண்ணற்ற பனுவல்களில் பயின்ற இவ்வகைச் செயலிகள் தரும் எழுத்தில், இன்ன தொடர் இன்னாரிடமிருந்து வந்தது எனப் பொதுவாகப் பிரித்துக் காட்ட இயல்வதில்லை. வெட்டி ஒட்டியதன் முகப்பைத் தேடியேனும் சேர்க்கலாம். இதற்குச் சேர்க்க முகப்பே இல்லை. மூலம் கேட்டால் இல்லாத நூலைச் சொல்வதும் உண்டு. ஆதலின் மாணவர் கட்டுரையை மதிப்பிடும்போது, இதனை எழுதியவர் யார் என்பதோடு நில்லாமல் இதன் வழி யாது என்றும் நாம் கேட்டல் வேண்டும். முன்னதற்கு அவர் தம் பெயரைக் கூறிவிடலாம். பின்னதற்கு நூலையும் பதிப்பையும் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.