'வில்', 'ஷேல்': ஆங்கிலத்தின் எதிர்காலமும் பெரியாறு குத்தகைப் பத்திரமும்

ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்கால விகுதி கிடையாது. 'வாக்' என்ற வினை இறந்தகாலத்தில் 'வாக்ட்' ஆகிவிடும். எதிர்காலத்துக்கு அப்படி உருமாறாது. 'வில்', 'ஷேல்' என்ற துணைவினைகளில் ஒன்றை அதன் முன்னால் நிறுத்தித்தான் இனி நடப்பதைச் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டும் தனி வினைகளாக இருந்தவை. 'வில்' விருப்பத்தைக் குறித்தது. 'ஷேல்' கடன்பட்டிருப்பதைக் குறித்தது. அந்தப் பழைய பொருள்கள் இன்னும் முழுதாக உதிரவில்லை. அதனால்தான் இந்தத் துணைவினைகள் எந்தப் பெயரோடு சேர்கின்றன என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழில் 'வருவேன்' என்ற ஒரு சொல் போதும். 'வரு' எனத் திரிந்த 'வா' பகுதி, 'வ்' எதிர்கால இடைநிலை, 'ஏன்' தன்மை ஒருமை விகுதி. வருவது யார் என்பது வினையின் வாலிலேயே இருப்பதால் 'நான்' இல்லாமலும் வாக்கியம் நிற்கும். முல்லைப்பெரியாறு நீரை நம்பி இருபோகம் நெல் விளைவிக்கும் கம்பம் பள்ளத்தாக்கில், "ஜூன் ஒண்ணாந் தேதி தண்ணி திறப்பாங்க" என்று ஒரு விவசாயி சொன்னால், யார் திறப்பார்கள் என்று எவரும் கேட்பதில்லை. இதையே ஆங்கிலத்தில் சொல்ல 'தே' என்ற பெயர் கட்டாயம் வேண்டும். அல்லது தண்ணீரை எழுவாயாக்கிச் செயப்பாட்டு வினையில் சொல்ல வேண்டும். பெயரை விட்டுவிட்டு 'வில் ஓப்பன்' என்று தொடங்கினால் அது வாக்கியமாகாது.

இன்னொரு வேறுபாடு இதைவிட அதிகமாக இடறச் செய்வது. தமிழில் எதிர்கால வடிவம் அன்றாட வழக்கத்தையும் குறிக்கும். கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி, "விடியக் காலையில் ஜீப்பில் போவார்கள், சாயங்காலம் திரும்புவார்கள்" என்கிறோம். இது நாளைய செய்தி அல்ல; தினமும் நடப்பது. ஆங்கிலத்தில் இதற்கு இயல்பான வடிவம் நிகழ்காலமான 'தே கோ'. 'தே வில் கோ' என்றால், பெரும்பாலும் இனிமேல்தான் போகப்போகிறார்கள் என்றே கேட்பவர் கொள்வார். 'ஹீ வில் கோ டெய்லி' என்ற வகை வாக்கியம் நம்மவர் பேச்சில் அடிக்கடி வருவதற்கு, தமிழின் 'போவான்' அடியில் இருப்பதே காரணம். பள்ளி இலக்கணப் புத்தகங்கள் இதற்கு இன்னும் நிறைய இடம் ஒதுக்க வேண்டும்.

பேச்சில் துணைவினை தேய்ந்து முன்னிருக்கும் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. 'ஐ வில்' என்பது 'ஐல்' ஆகிறது. அதே வழியில் 'யூல்', 'ஹீல்', 'தேல்' வருகின்றன. எழுதும்போது விடுபட்ட எழுத்துகளுக்கு ஈடாக மேற்குறி போடுவார்கள். ஆனால் அடுத்து வினை வந்தால்தான் இந்தச் சுருக்கம் செல்லும். "வருவாயா?" என்ற கேள்விக்கு 'யெஸ், ஐல்' என்று பதில் சொல்ல முடியாது, 'யெஸ், ஐ வில்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். எதிர்மறையில் 'வில் நாட்' சுருங்கி 'வோன்ட்' ஆவது விசித்திரமாகத் தோன்றலாம். 'வோல்' என்ற பழைய வடிவத்திலிருந்து வந்ததால்தான் அதில் ஓகாரம் தங்கிவிட்டது.

எந்தப் பெயருக்கு 'ஷேல்', எதற்கு 'வில்' என்ற விதியை 1653இல் ஜான் வாலிஸ் தன் ஆங்கில இலக்கண நூலில் வகுத்தார். தன்மையில் 'ஷேல்' வந்தால் வெறும் முன்னறிவிப்பு, 'வில்' வந்தால் வாக்குறுதி. முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும்: அங்கே 'வில்' முன்னறிவிப்பு, 'ஷேல்' கட்டளை. இன்றைய பேச்சு இந்த விதியைப் பெரும்பாலும் கைவிட்டு எல்லாவற்றுக்கும் 'வில்' என்கிறது. சட்ட ஆவணங்களில் மட்டும் படர்க்கை 'ஷேல்' கட்டளையாகவே வாழ்கிறது.

தேனி மாவட்டத்தின் வயல்களுக்குத் தண்ணீர் தரும் உரிமையே இத்தகைய சட்ட ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான பெரியாறு குத்தகைப் பத்திரத்தில் திருவிதாங்கூர் மகாராஜா ஒரு தரப்பு, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மறுதரப்பு. திவான் ராமய்யங்காரும் பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடென்ட் ஹானிங்டனும் அவரவர் தரப்பில் ஒப்பமிட்டனர். 999 ஆண்டுகள், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். வாடகை 1970 ஒப்பந்தத்தில் ஏக்கருக்கு 30 ரூபாயானது. இத்தகைய பத்திரத்தில் 'நான்', 'நீ' பேசுவதில்லை. குத்தகை கொடுப்பவர், எடுப்பவர் என்று இருவருமே படர்க்கையில் நிற்கிறார்கள். படர்க்கை எழுவாயோடு 'ஷேல்' சேரும்போது அது வெறும் ஆரூடம் அல்ல, கடப்பாடு. தலைமுறைகள் கடந்தும் நீதிமன்றங்கள் அந்தப் பத்திரத்தை எடைபோடுவது அதனால்தான்.

ஒரு துணைவினைக்காக நாடாளுமன்றத்தில் வாதாடியதும் தமிழர் வரலாற்றில் உண்டு. 1963 ஆட்சிமொழிகள் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட'லாம்' என்ற பொருளில் 'மே' என்றது. அந்த இடத்தில் 'மே' என்றாலும் 'ஷேல்' என்றாலும் ஒன்றுதான் என்று நேரு விளக்கினார். மாநிலங்களவையில் இருந்த அண்ணா உள்ளிட்ட தி.மு.க.வினர் அதை ஏற்கவில்லை. பயன்படுத்தலாம் என்றால் பயன்படுத்தாமலும் விடலாமே என்பது எதிர்ப்பாளர்கள் வாதம். இலக்கணப்படி அது சரியான வாதம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு வந்த 1967 திருத்தம், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலமே என்று 'ஷேல்' போட்டே எழுதியது.

எதிர்கால வாக்கியத்தில் துணைவினையைப் போலவே இடறச் செய்பவை, 'வித்', 'இன்' போலப் பெயருக்கு முன்னால் நிற்கும் முன்னிடைச் சொற்கள். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னால் வரும், பெயரும் உருமாறும்: நான் என்பது என்னோடு, எனக்கு, என்னிடம் என்றாகும். ஆங்கிலத்தில் இடம்தான் மாறுகிறது. 'ஐ', 'ஹீ' போன்ற பெயர்கள் அங்கேயும் உருமாறும். 'ஹீ வில் கம் வித் மீ' என்பதில் எழுவாய் 'ஹீ' துணைவினைக்கு முன்னும், 'மீ' முன்னிடைச் சொல்லுக்குப் பின்னும் நிற்கின்றன. கேள்வியில் முன்னிடைச் சொல் வாக்கியத்தின் கடைசிக்கே போய்விடுவதுண்டு. "யாரோடு போவாய்?" என்பது 'ஹூ வில் யூ கோ வித்?' ஆகும். சட்ட மொழியோ சுட்டையும் முன்னிடைச் சொல்லையும் ஒரே சொல்லாக ஒட்டிவிடும்: 'அதில்' என்பதற்குத் 'தேரின்', 'இதனுடைய' என்பதற்கு 'ஹியராஃப்'. பெரியாறு பத்திரம் போன்ற பழைய ஆவணங்களைப் படிப்பவர் இந்தச் சொற்களைப் பிரித்துப் பார்த்தால் பாதி மிரட்சி போய்விடும்.

காலத்தைச் சொல்லும் முன்னிடைச் சொற்களில் மூன்று முக்கியம். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பதற்கு 'பை', 'வெள்ளிக்கிழமை வரை' என்பதற்கு 'டில்' அல்லது 'அன்டில்', 'இன்னும் இரண்டு நாளில்' என்பதற்கு 'இன்'. வெள்ளிக்குள் பணம் வரும் என்பதை 'டில்' போட்டு எழுதினால், வெள்ளி வரைக்கும் பணம் வந்துகொண்டே இருக்கும் என்று பொருள் மாறிவிடும். 'அன்டில்', 'வென்', 'இஃப்' ஆகியவை ஒரு துணை வாக்கியத்தைத் தொடங்கிக் காலத்தையோ நிபந்தனையையோ சொல்லும்போது, அதற்குள் எதிர்கால 'வில்' வராது. "தண்ணீர் வரும்போது நாற்று நடுவோம்" என்பதில் தமிழுக்கு இரண்டு இடத்திலும் எதிர்கால வடிவம் உண்டு. ஆங்கிலத்தில் நடுவதற்கு மட்டுமே 'வில்', வருவதற்கு 'கம்ஸ்' என்ற நிகழ்காலம்.