மாதவிலக்கு நிற்கும் காலமும் வீட்டுக் காலண்டரும்

எங்கள் பிச்சாட்டூர்ப் பக்கத்தில் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள், "மாசக் கணக்கு தப்புது" என்று தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ரத்தப் பரிசோதனைக்குத் திருப்பதிக்கோ சென்னைக்கோ போகவேண்டுமே என்று தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. ஊசி குத்தாமலே இம்மாற்றத்தை அறியும் வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதவிலக்கு நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஹார்மோன்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஆகவே ஒருநாள் எடுத்த ரத்தமோ, மருந்துக்கடையில் வாங்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையோ அன்றைய நிலையைத்தான் காட்டும். 45 வயதைக் கடந்தவர்களுக்கு அறிகுறிகளை வைத்தே முடிவு செய்யலாம் என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2015-இல் வழிகாட்டியது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? காலண்டரைத்தான்! அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆலன் ட்ரெலோர் என்பவர் 1934-இல் மாணவியரை விலக்கு நாட்களைக் குறித்துவரச் சொன்னார். பல்லாண்டுக் கணக்கை 1967-இல் வெளியிட்டார். பூப்படைந்த பிந்தைய சில ஆண்டுகளிலும், நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளிலும் இடைவெளி மிகவும் மாறுகிறது என்பது அதில் தெளிவாயிற்று.

2011-இல் கூடிய நிபுணர்கள் வகுத்த அளவுகோலும் எளியதே. அடுத்தடுத்த சுழற்சிகளின் நீளம் 7 நாளோ அதற்கு மேலோ வேறுபட்டு, அது திரும்பவும் நடந்தால் மாற்றம் தொடங்கிவிட்டது. 60 நாளோ மேலோ வராதிருந்தால் பிந்தைய கட்டம். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றது என்று பொருள்.

விலக்கு நாளுக்கு ஒரு வட்டம். திடீர்ச் சூடு, இரவு வியர்வை, தூக்கமின்மைக்கு ஒரு புள்ளி. இவ்வளவு போதும். விரும்பினால் காலையில் படுக்கையை விட்டு எழுமுன் உடல் வெப்பத்தையும் குறிக்கலாம். கருமுட்டை வெளியான பின் புரொஜெஸ்டிரோனால் அது சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். சரியாகத் தூங்காத நாளில் இக்கணக்கை நம்பமுடியாது.

ஒன்றை மறக்கக்கூடாது. நாள் தள்ளிப்போவதற்குக் கர்ப்பமோ தைராய்டோ காரணமாயிருக்கலாம். அதிகமாக ரத்தம் போனாலும், ஓராண்டு நின்றபின் மீண்டும் ரத்தம் கண்டாலும் "வயசானா இப்படித்தான்" என்று இருந்துவிடாதீர்கள். கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது இருக்கலாம். காலண்டரோடு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஊர்விட்டு ஊர் வந்த வீடுகளில் அத்தை, பெரியம்மா பக்கத்தில் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. அம்மாவுக்கு எழுதத் தெரியாவிட்டால் மகளோ பேத்தியோ குறித்துக் கொடுக்கட்டும். வீட்டு ஆண்களும் அந்தப் புள்ளிகளின் பொருளைத் தெரிந்துகொள்ளட்டும்.