தீர்த்தம் தெளிக்கும் பூசணம்

எங்கள் தோட்டப் பள்ளியின் அலமாரியில் மறந்துபோன பை ஒன்றில் இருந்த நிலக்கடலை, மழைக்காலத்து ஈரத்தில் மஞ்சளும் பச்சையுமாய்ப் பூத்துக் கிடந்தது. அதைக் கண்டெடுத்த ஆறாம் ஆண்டு மாணவன், "ஐயா, இதன் பெயர் என்ன?" என்று கேட்டான். பூசணம் என்றேன். "அது தெரியும் ஐயா. அறிவியற்பெயர்?" என்றான். நுண்ணோக்கி இன்றி உறுதி கூற இயலாது. நிறத்தை நோக்க 'அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ்' ஆகலாம் என்றேன். அவன் அதை இருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

சிரித்தது அவன் பிழையன்று. இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று நன்னூல் வழியே நாம் பாடம் நடத்துகிறோம். பறப்பதால் பறவை, மரம் என்பதற்கோ காரணம் கேட்பாரில்லை. அறிவியற்பெயர்களிற் பெரும்பாலானவை காரணப்பெயர்களே. ஆனால் இலத்தீன் அறியாத நம் பிள்ளைகளுக்கு அவையெல்லாம் இடுகுறியாய் நின்றுவிடுகின்றன. காரணத்தைச் சொல்லிக் கொடுப்பது அறிவியல் ஆசிரியர் வேலை என்று நாமும், தமிழாசிரியர் வேலை என்று அவரும் விட்டுவிடுகிறோம்!

'அஸ்பெர்ஜில்லஸ்' என்னும் பெயரை இட்டவர் இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரின் தாவர அறிஞர் பியர் அந்தோனியோ மிக்கேலி. 1729இல் வெளியிட்ட நூலிலே இதனை அவர் விளக்கினார். பூசணம் அழுகலிலே தானே பிறக்கிறது என்று பலரும் நம்பிய காலம் அது. மிக்கேலி பூசணத்தின் தூளை எடுத்து, வெட்டிய முலாம்பழத் துண்டுகளின்மேல் விதைத்தார். விதைத்த இனமே முளைத்தது. நெல்லுக்கு விதை இருப்பதுபோல் பூசணத்துக்கும் வித்து உண்டு என்பதற்கு அது சான்றாயிற்று.

நுண்ணோக்கியில் அவர் கண்ட வடிவம் இது: மெல்லிய காம்பு ஒன்று நிமிர்ந்து நிற்கிறது; அதன் முனை உருண்டு குமிழாகிறது; குமிழின் எப்புறமும் வித்துகள் மணிச்சரம்போல் கோத்து வெளிநோக்கி நீள்கின்றன. வித்து ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்கு. இதைக் கண்டதும் கோயிலில் தீர்த்தம் தெளிக்கும் கருவி அவர் நினைவுக்கு வந்தது போலும். 'அஸ்பெர்கெரே' என்றால் இலத்தீனில் தெளித்தல். 'அஸ்பெர்ஜில்லம்' தெளிக்கும் கருவி. சூலைத் திங்களில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலயத் திருவிழாவுக்குப் பினாங்குத் தீவிலிருந்து செல்லும் தமிழர் பலர். குருவானவர் கையில், நுனியிலே துளையிட்ட குமிழோடு கூடிய கோலை அவர்கள் கண்டிருக்கக் கூடும். நாம் மாவிலைக் கொத்தால் செய்வதை அவர் அதனாற் செய்கிறார். அந்தக் கோல்தான் இப்பூசணத்தின் பெயர். 'பிளேவஸ்' என்பது மஞ்சள் நிறத்தது என்னும் பொருளது.

தமிழன் கண்ணும் சும்மா இருக்கவில்லை. 'பூசணம் பூத்தது' என்கிறோம். அழுகலின்மேல் ஒரு பூப்பைக் கண்ட வழக்கு அது. நம்மவர் வெறுங்கண்ணால் கண்டதற்குச் சொல் தந்தனர். மிக்கேலி கண்ணாடி வழியே கண்டதற்குத் தந்தார்.

இதே இனத்தில் இன்னொன்று அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே. சோயா அவரையைப் புளிக்கவைத்துச் சோயாச் சாறு ஆக்கும் நற்பூசணம் அது. 'ஒரைசா' என்றால் நெல். இது நம் 'அரிசி'யே என்று கால்டுவெல் கருதினார். கிரேக்கர் இச்சொல்லை நேரே தமிழிடமிருந்து பெற்றனரா, பாரசீக வழியே பெற்றனரா என்பதில் அறிஞர் ஒருமித்திலர். ஆகவே மேடையில் முழங்குவதற்குமுன் சற்றுப் பொறுப்பது நலம்.

மஞ்சட்பூசணமோ நற்பூசணம் அன்று. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கில் இப்பூசணம் சுரந்த நஞ்சு இருந்தது. அஸ்பெர்ஜில்லஸிலிருந்து 'அ', பிளேவஸிலிருந்து 'பிளா', நஞ்சு என்னும் பொருள்தரும் 'டாக்சின்' ஆகியவற்றைக் கூட்டி 'அபிளாடாக்சின்' என்றனர். பெயர்க்காரணம் தெரிந்தவனுக்கு நஞ்சின் பிறப்பிடம் பெயரிலேயே தெரியும். 1974இல் குசராத்து, இராசத்தான் மாநிலங்களின் சிற்றூர்களில் பூசணம் பிடித்த சோளத்தை, அதாவது மக்காச்சோளத்தை, உண்டோரில் 106 பேர் இறந்தனர். நமக்கு அண்டையிலேயே, 1988இல் பேராக் மாநிலத்தில், அரிசிமாவால் செய்த மீ உண்ட பிள்ளைகள் 13 பேர் மாண்டனர்; பின்னர் வெளிவந்த மருத்துவ ஆய்வு இந்நஞ்சைக் காரணமாகக் காட்டியது.

இங்கே என் பிழையையும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பள்ளிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், "பூசணத்தைத் துடைத்துவிட்டு நன்றாய் வறுத்தால் போதும்" என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். என் தாயார் செய்ததைச் சொன்னேன். அது தவறு. வறுத்தாலும் அவித்தாலும் இந்நஞ்சு முழுதும் அழிவதில்லை. பூசணத்தைத் துடைத்தபின்னும் பருப்புக்குள் தங்கியிருக்கும். சிறிது சிறிதாய் நெடுநாள் உடலிற் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோய் வரும். அன்று கேட்டவர்கள் இன்று பிள்ளைகளுக்குச் சமைக்கும் தாய்மார்கள். கண்ட இடத்தில் அவர்களிடம் திருத்திச் சொல்லி வருகிறேன்.

அன்று அந்தப் பையைத் திறக்கவிடாமல், இன்னொரு பையிலிட்டுக் கட்டி எறிந்தோம். வித்துத் தூள் மூச்சில் ஏறுவதும் நல்லதன்று. மறுவாரம், கருநிறப் பூசணம் படிந்த வெங்காயம் ஒன்றை மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தேன். அது பெரும்பாலும் அஸ்பெர்ஜில்லஸ் நைகர். நைகர் என்றால் கருமை. முதலில் சிரித்த மாணவன் நெடுநேரம் உற்றுப் பார்த்தான். "குண்டூசித் தலைபோல் இருக்கிறது ஐயா" என்றான்.