கூடையில் உறங்கும் பகைவன்

வைகாசி பிறந்துவிட்டால் மாம்பழக் கூடை வந்து இறங்காத வீடு உண்டா? வந்த அன்று காய்களெல்லாம் மாசு மறுவின்றிப் பளபளக்கின்றன. பழுக்கத் தொடங்கியதும் தோலெங்கும் கரும்புள்ளிகள்! அடுத்த இரண்டு நாளில் பாதிக் கூடை குப்பைக்குப் போய்விடுகிறது. "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று வீட்டில் ஒரே கூச்சல். விஷயத்தை விசாரித்துப் பார்த்தால், கடைக்காரரை விடுதலை செய்துவிட வேண்டியதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

உண்மையான குற்றவாளி ஒரு பூசணம். அது உண்டாக்கும் நோய்க்கு 'ஆந்த்ராக்னோஸ்' என்று பெயர். மரம் பூத்துப் பிஞ்சு விடும் காலத்திலேயே, மழையையும் பனியையும் துணையாகக் கொண்டு, அதன் நுண்ணிய வித்துக்கள் பிஞ்சின்மேல் தங்கி முளைத்துவிடுகின்றன. ஆனால் காயின் தோலில் இயற்கை அமைத்திருக்கும் காப்புப் பொருள்கள் அதை மேலே வளரவொட்டாமல் தடுக்கின்றன. ஆகவே அது பல வாரங்கள் தோலில் உறங்கிக் கிடக்கிறது. காய் பழுக்கையில் அந்தக் காப்புக் குறைகிறது, பகைவன் விழித்துக்கொள்கிறான்.

இதற்குப் பரிகாரம்? வெந்நீர்! பறித்த காய்களைத் தாமதமின்றி 52 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள நீரில் 5 முதல் 10 நிமிஷம் அமிழ்த்தி வைத்து, பிறகு ஆற்றி உலர்த்தினால், அழுகல் பெரிதும் குறைகிறது. சூடு குறைந்தால் பயனில்லை. மிஞ்சினால் தோல் வெந்துவிடும். ஆகையால் உஷ்ணமானியின்றிக் கைப்பதம் பார்த்துச் செய்யத்தக்க காரியமன்று இது.

வெந்நீர் மட்டும் போதாது. தோப்பில் பட்டுப்போன கிளைகளைக் கழிக்க வேண்டும். அழுகி விழுந்தவற்றை அகற்ற வேண்டும். வலை கட்டிய தொரட்டியால், சிறிது காம்புடன், தரையில் விழாதபடி பறிக்க வேண்டும். காம்பிலிருந்து வடியும் பால் தோலில் பட்டால் தோல் புண்ணாகும். கீறலும் கன்றலும் பூசணத்துக்குத் திறந்துவிட்ட வாயில்கள்.

வீட்டில் நம் சகோதரிகள் செய்யக்கூடியதும் உண்டு. காய்களைக் குவிக்காமல் காற்றோட்டமாகப் பரப்பி வையுங்கள். தினந்தோறும் பார்த்துப் புள்ளி விழுந்ததைப் பிரித்துவிடுங்கள். பழுக்காத காயைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள்; சுமார் 12 டிகிரிக்குக் குறைந்த குளிரில் காய் கெட்டு, பின்னர் சரியாகப் பழுக்காமல் எளிதில் அழுகும்.

உலகில் மாம்பழம் மிகுதியாக விளையும் தேசம் நம்முடையது. ஆனால் மரம் பலன் தருவது வருஷத்துக்கு ஒரு முறை. அழுகலை எண்ணி வியாபாரி விலையைத் தாழ்த்தினால், அந்த நஷ்டம் குடியானவரின் தலையில்தான் விடியும். கிராமத்துத் தோட்டக்காரர்கள் ஒன்றுகூடி, ஒரு வெந்நீர்த் தொட்டியும் ஓர் உஷ்ணமானியும் பொதுவில் வைத்துக்கொள்ளலாகாதா? ஓராண்டு உழைப்பு குப்பைத் தொட்டிக்குப் போகாமல் காக்க, அது பெரிய செலவாகாது என்பதே நம் அபிப்பிராயம்.